கடலோர மனையில் மணக்கும் இலைகள்
(மனையறப் பாடம்)

வெங்காயமும் பூண்டும் புழங்காத நம் அடுக்களையில் உணவுக்கு மணம் தருபவை எவை என்று கேட்டால், பள்ளி செல்லும் சிறுமி கூடக் கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, பெருங்காயம் என்று விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள். கிழங்கு வகைகளை விலக்கும் இல்லங்களில் பச்சை இஞ்சிக்கும் இடமில்லை. சுக்கு மட்டுமே உண்டு. ஆகவே பிறர் வீட்டில் அலங்காரமாக மேலே தூவப்படும் இலை, நம் வீட்டில் சுவைக்கே அடித்தளமாக அமைகின்றது. அவ்விலை நல்ல மண்ணில், நல்ல நீரில் விளைந்ததா என்று நாம் கேட்பது அதனால்தான்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்குக் குடிபெயர்ந்த நம் குடும்பங்களுள் சில, இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதியில் வாழ்ந்து வருகின்றன. நாமும் அவற்றுள் ஒன்று. ஊரில் கிணற்றடியில் யாரும் பேணாமலே தழைத்த கறிவேப்பிலையை இங்கே கொண்டுவந்து நட்டால் ஓராண்டில் கருகிப்போகின்றது. கொத்தமல்லி ஒரு சாண் வளருமுன்னே பூத்துவிடுகின்றது. “எங்கள் கை ராசியில்லாத கை” என்று பெண்கள் தம்மையே நொந்துகொள்கின்றனர். கையில் குறை ஏதும் இல்லை. இடத்தின் இயல்பை அறியாமையே குறை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற முறைப்படியே இப்பாடத்தைத் தொடங்குவோம்.

1. இடத்தை அறிதல்

செடிக்கு வேண்டியவை ஒளி, வெப்பம், நீர், மண், காற்று என ஐந்து. இவ்வைந்தும் ஊருக்கு ஊர் மாறும்.

வடசென்னையில் ஒளிக்குக் குறைவில்லை. சித்திரை, வைகாசியில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாள்களும் உண்டு. குளிர் என்று சொல்லத்தக்கது மார்கழி, தை மாதங்களில் மட்டுமே. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழிக்குள் வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்துவிடுகின்றது. எனவே இங்கு மென்மையான இலைச்செடிகளுக்கு ஏற்ற பருவம், பெருமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து மாசி வரை என்று கொள்ளலாம். ஊர்ப்பக்கம் ஆடிப்பட்டம் தேடி விதைப்பது போல, இங்கே நாம் மழை விட்ட நாளைத் தேடவேண்டும்.

காற்றோ இரு குணம் உடையது. கோடைப் பிற்பகலில் வீசும் கடற்காற்று வெப்பத்தைத் தணிக்கின்றது. அதுவே நுண்ணிய உப்பையும் இலைமேல் படியச் செய்கின்றது. அதனுடன் தூசியும் சேர்கின்றது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளப்பட்ட காலத்தில் இராயபுரத்து வீடுகளில் காலையில் துடைத்த திண்ணை மாலையில் கறுத்திருக்கும். நீதிமன்ற ஆணையின்படி 2011 இல் அப்பணி அங்கு நின்று எண்ணூர்த் துறைமுகத்திற்குச் சென்றது. 1970 இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல் மின்நிலையம் 2017 இல் மூடப்பட்டது. எனினும் அத்திப்பட்டுப் பக்கம் பிற அனல் மின்நிலையங்கள் இயங்குகின்றன. சாம்பல் குளங்களும் உள்ளன. நம் செடி இக்காற்றில்தான் மூச்சுவிடுகின்றது என்பதை மறத்தலாகாது.

2. தண்ணீரை அறிதல்

கொசஸ்தலை, ஆரணி ஆறுகளின் வடிநிலத்தில் பல்லாண்டுகளாக நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால், மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் பல கிலோமீட்டர் தொலைவு உள்ளே புகுந்துவிட்டது. கடலை ஒட்டிய திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளின் ஆழ்துளைக் கிணறுகள் பலவும் உப்பு நீரையே தருகின்றன. ஊரிலிருந்து வந்த கறிவேப்பிலை கருகுவதற்கு முதற்காரணம் இதுவே. 2010 இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் தொடங்கப்பட்டபின் குழாய் நீர் ஓரளவு கிடைக்கின்றது. செடிக்கு அக்குழாய் நீரே நல்லது.

நீரைச் சோதிக்க இரண்டு வழிகள் உள. முதலாவது, ஒரு தட்டில் நீரை ஊற்றி வெயிலில் வற்றவிடுதல். தட்டில் வெண்மையாகப் படிவது தடித்திருந்தால் உப்பு மிகுதி என்று அறியலாம். இரண்டாவது, குடிநீர் இயந்திரம் பழுதுபார்க்க வருபவர் கையிலுள்ள சிறு அளவைக் கருவி. அதில் லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழ் காட்டினால் கவலையில்லை. 450 முதல் 2000 வரை எனில் எச்சரிக்கையுடன் ஊற்றலாம். 2000 ஐத் தாண்டினால் மெல்லிய இலைச்செடிகளுக்கு அந்நீர் ஆகாது.

இங்கு ஒரு பிழை பல வீடுகளில் நிகழ்கின்றது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரை, வீணாகின்றதே என்ற நல்லெண்ணத்தால் செடிக்கு ஊற்றுகின்றனர். குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அக்கழிவு நீரில்தான் திரண்டிருக்கும். அதைக் கொண்டு முற்றம் கழுவுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள். அரிசியும் பருப்பும் கழுவிய நீர் செடிக்கு மிக நல்லது. மழைக்காலத்தில் மாடி நீரைத் துணியிட்டு வடிகட்டிச் சேமிப்பது அதனினும் நல்லது. வடிகட்டி நீர் பயன்படுத்துவது நமக்குப் புதிய பழக்கம் அன்றே!

உப்பு நீர் தவிர வேறு வழியில்லை எனில், நாள்தோறும் சிறிது சிறிதாகத் தெளிப்பதைவிட, மேல் மண் உலர்ந்தபின் தொட்டியின் அடித்துளை வழியே நீர் வடியுமளவு ஒருமுறை நிறைய ஊற்றுக. சிறிதளவு ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். நிறைய ஊற்றினால் உப்பின் ஒரு பகுதி நீருடன் வெளியேறும்.

3. மண்ணும் தொட்டியும்

சாலையோரத்து மண், ஆலை மதிலையொட்டிய மண், இடிந்த பழைய கட்டடத்து மண் ஆகிய மூன்றையும் விலக்குக. பழைய வண்ணப்பூச்சிலும் தொழிற்சாலைத் தூசியிலும் ஈயம் முதலிய உலோகங்கள் இருத்தல் கூடும். கடற்கரை மணலும் வேண்டாம். செம்மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு கலந்தால் போதும். நார்க்கழிவிலும் உப்பு உண்டு. இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்தபின் சேர்க்கவேண்டும்.

கடையில் விற்கும் கலவை மண்ணை வாங்குவோர் பையின் மேலுள்ள எழுத்தைப் படித்துப் பார்த்தல் நலம். “இயற்கை உரம்” என்னும் பெயரில் எலும்புத் தூளும் மீன் கழிவும் கலந்தவை உண்டு. நம் இல்லத்திற்குக் கடலைப் பிண்ணாக்கும் மக்கிய இலை எருவும் பொருந்தும்.

தொட்டியைப் பற்றி நாமே செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். பணி ஓய்வு பெற்ற புதிதில், பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்த நீல நிறப் பீப்பாயை வாங்கி, இரண்டாக அறுத்து, சோப்பிட்டுக் கழுவிப் புதினா நட்டோம். செழிப்பாக வளர்ந்தது. இருமுறை துவையலும் அரைத்தோம். பின்னொரு வெயில் நாளில் அப்பீப்பாயின் அருகே அமர்ந்தபோதுதான், சூடேறிய சுவரிலிருந்து புதினாவின் மணமல்லாத ஒரு நெடி எழுவதை உணர்ந்தோம். அதில் முன்பு என்ன இருந்தது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. செடியையும் மண்ணையும் அன்றே அகற்றினோம். மாணவர்களுக்கு “படித்துப் பார்த்துக் கையெழுத்திடுக” என்று ஆயிரம் முறை சொன்ன நாம், கேளாமல் வாங்கியது பிழை. ஆலைப் பகுதியில் இத்தகைய பீப்பாய்களும், வண்ணப்பூச்சு டப்பாக்களும், மின்கலப் பெட்டிகளும் எளிதிற் கிடைக்கும். அவற்றில் உண்ணும் இலையை ஒருபோதும் வளர்க்கற்க. மண் தொட்டி, சிமெண்டுத் தொட்டி, உணவுப் பண்டம் வைத்திருந்த வாளி ஆகியவை போதும்.

4. ஐந்து செடிகள்

அ. கொத்தமல்லி: கடையில் நாம் தனியா என்று வாங்கும் உருண்டை ஒரு விதையன்று, இரண்டு விதைகள் சேர்ந்த காய். மெல்ல உருட்டித் தேய்த்து இரண்டாக்கி, ஒரு நாள் ஊறவைத்து விதைத்தால் எட்டு முதல் பதினைந்து நாளில் முளைக்கும். இதன் வேர் நேராக இறங்குவது. பிடுங்கி நட்டால் பிழைப்பது அரிது. ஆதலின் வளரும் இடத்திலேயே விதைக்கவேண்டும். நல்ல பருவத்தில் 35 முதல் 45 நாளில் இலை கொள்ளலாம். வெப்பம் கூடினால் இச்செடி தன் வாழ்நாள் குறுகிவிட்டது என்று உணர்ந்தாற்போல் விரைந்து பூக்கும். கோடையில் வளர்த்தே தீரவேண்டுமாயின், முற்பகல் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை நிழல் விழும் இடத்தில் நெருக்கமாக விதைத்து, இளஞ்செடியாகவே கொய்துகொள்ளுங்கள். வேரோடு பிடுங்காமல் தண்டைக் கத்தரித்தால் மறுபடியும் துளிர்க்கும். வேரைச் சூழ்ந்து வாழும் நுண்ணுயிர்களுக்கும் ஊறு குறையும்.

ஆ. புதினா: சந்தையில் வாங்கிய கட்டில் தடித்த தண்டுகளைத் தேர்ந்து, கீழிலைகளை நீக்கி நீரில் நிறுத்தினால் பத்து நாளில் வேர்விடும். காலை வெயிலும் பிற்பகல் நிழலும் வேண்டும். உப்பைத் தாங்காது, எனவே குழாய் நீர் மட்டுமே.

இ. கறிவேப்பிலை: கருநீலமாய்ப் பழுத்த கனியின் தோலையும் சதையையும் நீக்கி உடனே விதைக்கவேண்டும், உலர்ந்து நாட்பட்ட விதை முளைப்பதில்லை. தாய்மரத்தின் வேரிலிருந்து எழும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவது எளிது. ஒன்றரை அடி ஆழத் தொட்டி வேண்டும். முதலாண்டு இலை பறிக்காதீர்கள். பின்னர் உருவிப் பறிக்காமல் கிளை நுனியை ஒடித்துப் பறித்தால் பக்கக் கிளைகள் பெருகும்.

ஈ. வெந்தயக்கீரை: கடலோர வீட்டுக்கு உற்ற தோழி இது. மும்பையில் கடற்கரையை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் சிறு வெந்தயக்கீரையை விளைவித்துக் கட்டுக் கட்டாக விற்கின்றனர். அகலமான ஆழமற்ற தட்டே போதும். மூன்று வாரத்தில் இலை கிடைக்கும்.

உ. கற்பூரவல்லி: தடித்த இலையில் நீரைச் சேமித்து வைப்பதால் வெயிலையும் கடற்காற்றையும் தாங்கும். ஒரு காம்பை ஒடித்து நட்டால் போதும். இரசத்திற்கும் தயிர்ப் பச்சடிக்கும் ஆகும். முதன்முதலாகச் செடி வளர்க்கும் குழந்தையிடம் இதனைக் கொடுங்கள். தோல்வியில் தொடங்கும் பாடம் நெஞ்சில் நிற்பதில்லை.

5. இலை சொல்லும் செய்தி

செடி வாடினால் உடனே நீர் ஊற்றுவது நம் வழக்கம். அதற்குமுன் உற்று நோக்குக. முழு இலையும் பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் களைப்பு. இலையின் நுனியும் ஓரமும் மட்டும் பழுப்பேறிக் காய்ந்தால் உப்பு. ஒரே இரவில் பலவகைச் செடிகளும் ஒருசேரக் கருகினால், காற்றில் ஏதோ கலந்திருக்கின்றது. 2023 டிசம்பர் 26 ஆம் நாள் இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் பலர் மருத்துவமனை செல்ல நேர்ந்ததை நாம் அறிவோம். அம்மோனியா இலையையும் எரிக்கும். அத்தகைய நாள்களில் முதற்கடமை வீட்டாரைக் காப்பது. கருகிய இலைகளைச் சமைக்காமல் நீக்குவது பிறகு.

6. புழுவும் நாமும்

கறிவேப்பிலையில் பறவை எச்சம் போன்ற தோற்றத்தில் தொடங்கிப் பின் பச்சையாகும் புழுக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்பருவம். கறிவேப்பிலை, எலுமிச்சை, வில்வம் போன்ற ஒரே குடும்பத்துச் செடிகளே அவற்றின் உணவு. வேறு செடியில் விட்டால் பட்டினியால் மாளும். இரண்டு மூன்று வாரம் தின்றபின் கூட்டுப்புழுவாகிவிடும்; செடி மீண்டும் துளிர்க்கும்.

“மருந்து தெளிப்பது பாவம், வேப்பெண்ணெய் தெளித்தால் பாவமில்லை” என்று எண்ணுவோர் உளர். வேப்பெண்ணெய் புழுவை விரட்டுவதோடு நிற்பதில்லை. அதன் வளர்ச்சியையும் தோலுரிப்பையும் தடுத்து மாய்க்கவும் வல்லது. அறிந்தபின் அதனைக் கொல்லாமை என்று கூறுதல் பொருந்தாது. நாம் கைக்கொள்ளும் வழி இது: இரண்டு செடிகள் வளர்க்கின்றோம். ஒன்றின்மேல் பழைய கொசுவலையைப் போர்த்திப் பூச்சி முட்டையிடாமல் காக்கின்றோம். மற்றொன்றைத் திறந்து விடுகின்றோம். வலைக்குள் தப்பிப் பிறந்த புழுவை இலையோடு எடுத்துத் திறந்த செடியில் சேர்க்கின்றோம்.

பறிக்கும் வேளை, நல்ல வெளிச்சமுள்ள காலை. பறித்த இலையை நீரிலிடும் முன் வெள்ளைத் துணியின்மேல் மெல்ல உதறுக. சிற்றுயிர் இருப்பின் கண்ணுக்குத் தெரியும். மீண்டும் செடிக்கே அனுப்பலாம். அதன்பின் தூசி நீங்க மூன்று முறை நீர் மாற்றி அலசவேண்டும். விரத நாள்களில் பச்சிலை விலக்கும் இல்லத்தார், முன்கூட்டியே கறிவேப்பிலையை நிழலில் உலர்த்திப் பொடித்து வைத்துக்கொள்ளலாம்.

7. கழுவினால் போதுமா?

இப்பாடத்தின் கடினமான பகுதி இது. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் மழை பெய்தபோது, மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தில் கலந்து பக்கிங்காம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. பல வீடுகளுக்குள்ளும் அந்நீர் புகுந்தது.

எர்ணாவூரில் வாழும் நம் பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுப் பின்புறத்தில் ஒரு கறிவேப்பிலை மரம் இருந்தது. வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அவள் மாமியார் கன்றாகக் கொணர்ந்து, குழாய் நீரைக் குடத்தில் சுமந்து ஊற்றி வளர்த்த மரம். மாமியார் மறைந்துவிட்டார். வெள்ளம் முழங்காலளவு நின்று வடிந்தபின் மரத்தின் அடிப்பகுதியில் கருமையான கோடு படிந்திருந்தது. பத்து நாள் கழித்து அவள் ஒரு பையில் இலையோடு வந்தாள்.

“டீச்சரம்மா, இது மேல் கிளை. எண்ணெய் படவே இல்லை. மூன்று தண்ணீரில் அலசியும் விட்டேன். பிள்ளைகளுக்கு இரசத்தில் போடலாமா?”

முகர்ந்து பார்த்தோம். கறிவேப்பிலை மணந்தான் வந்தது. உடனே விடை சொல்ல இயலவில்லை. கழுவினால் நீங்குவது இலைமேல் படிந்தது மட்டுமே. வேர் வழியே செடிக்குள் சென்றது கழுவினால் போகாது. கனமான எண்ணெயை வேர்கள் எளிதில் உறிஞ்சுவதில்லை என்பது உண்மை. ஆனால் அவ்வெள்ளத்தில் எண்ணெய் மட்டுந்தான் கலந்திருந்தது என்று கூற யாரால் இயலும்? ஆய்வுக்கூடத்தில் சோதிக்காத மண்ணைப் பற்றி மூக்கு சான்று கூறாது. கறிவேப்பிலையோ நாள்தோறும் உண்பது, உண்பவர் குழந்தைகள். ஐயம் நீங்காத இடத்தில் விலக்குவதே முறை. “வேண்டாம் அம்மா” என்றோம். அவள் கண் கலங்கியது. “அத்தை வைத்த மரம்” என்று மட்டும் சொன்னாள்.

நமக்கு அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் பணி ஓய்வு பெற்ற ஆண்டில் அவ்வம்மையார் அம்மரத்தின் பக்கக்கன்று ஒன்றை நமக்குத் தந்திருந்தார். நம் மாடித் தொட்டியில் இருப்பது அதன் வளர்ச்சியே. அதனடியில் எழுந்த ஒரு கன்றை வேரோடு பிரித்துப் புது மண்ணில் நட்டு, தை பிறந்தபின் அவளிடம் சேர்த்தோம். இப்போது அது அவள் மாடியில், வெள்ளம் எட்டாத உயரத்தில் வளர்கின்றது. பழைய மரத்தை அவள் வெட்டவில்லை. இலை உதிர்த்து அடுத்த ஆடியில் மீண்டும் துளிர்த்தது. அதன் இலையை அவள் பறிப்பதில்லை, நிழலுக்கு நிற்கின்றது.

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய விதிகள் மூன்று. வெள்ளத்தில் மூழ்கிய தொட்டி மண்ணை மீண்டும் பயன்படுத்தாதீர். பிற மண்ணோடு கலக்காதீர். தரையில் நிற்கும் மரமாயின் மண்ணைச் சோதித்து அறியும்வரை இலை கொள்ளாதீர். நல்ல செடியின் கன்றொன்றை எப்போதும் வேறொரு வீட்டில் வளரவிடுங்கள். கொடுத்த கன்றே ஒருநாள் திரும்பி வந்து காக்கும்.

8. பிற ஊர்களில் வாழும் நம்மவர்க்கு

பெங்களூருவின் உயரமும் மிதமான குளிரும் கொத்தமல்லிக்கு ஏறத்தாழ ஆண்டு முழுவதும் இடந்தரும். நீலகிரியில் புதினா செழிக்கும். கறிவேப்பிலை மெல்ல வளரும். சிங்கப்பூரில் இடைவிடா வெப்பமும் மழையும் இருத்தலால் கொத்தமல்லி அழுகும். கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் தழைக்கும். துபாய் போன்ற பாலை நகரங்களில் ஐப்பசி முதல் பங்குனி வரையே இலைப் பருவம். இலண்டனிலும் கனடாவிலும் கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, இரவுக் குளிர் 10 பாகைக்கு இறங்குமுன் சன்னலோரம் கொணர்க. குளிரில் இலை உதிர்ந்தால் இறந்ததென்று எறியாதீர். நீரைக் குறைத்துக் காத்திருந்தால் வெயில் திரும்பும்போது துளிர்க்கும். அங்கு கோடையின் நீண்ட பகலே கொத்தமல்லியைப் பூக்கத் தூண்டும் என்பதால், இரண்டு வாரத்திற்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைக்கவேண்டும்.

இல்லப் பயிற்சி

1. இருபது தனியாக்களைத் தேய்த்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். முளைத்தவை எத்தனை, எத்தனையாம் நாளில் என்று பிள்ளைகள் குறிக்கட்டும்.

2. உங்கள் வீட்டுக் குழாய் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் இரு தட்டுகளில் வற்றவைத்து ஒப்பிடுங்கள்.

3. கழுவினால் நீங்குவது எது, நீங்காதது எது? பிள்ளைகள் தம் சொற்களில் விடை எழுதட்டும்.

4. உங்கள் மனையில் தழைக்கும் செடி ஒன்றின் கன்றை இவ்வாண்டுக்குள் வேறொரு வீட்டிற்குக் கொடுங்கள். யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். பின்னொரு நாள் கேட்டுப் பெற உதவும்.